கருங்கல்லுக்குள் சீசியம் எவ்வளவு தூரம் போகும்?

சுவிட்சர்லாந்தில் கிரிம்செல் என்றொரு மலைக்கணவாய் இருக்கிறது. அதன் பக்கத்தில் மலையைக் குடைந்து, 1984 முதல் ஓர் ஆய்வுக்கூடம் நடத்துகிறார்கள். நீர்மின் நிலையத்துக்காகப் போட்ட சுரங்கப்பாதை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே போய் நின்றால் தலைக்கு மேல் 400 மீட்டருக்கும் அதிகமாகப் பாறை இருக்கும். சுற்றிலும் கிரானைட். நம் ஊரில் கருங்கல் என்கிறோமே, அந்த இனம்தான்.

அங்கே ஒரு சோதனை செய்தார்கள். பாறையில் ஒரு துளை போட்டார்கள். அதன் ஒரு பகுதியை மட்டும் இரு முனையிலும் இறுக அடைத்து, நடுவில் கிடைத்த இடத்தில் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி வரவிட்டார்கள். அது வெறும் தண்ணீர் இல்லை. டிரிட்டியம், சோடியம், சீசியம் மூன்றும் மிகமிகக் கொஞ்சமாக அதில் கரைந்திருந்தன. மூன்றுமே கதிரியக்கம் உள்ளவை. எங்கே போனாலும் கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

சுமார் 2 ஆண்டுகள் அப்படியே ஓடவிட்டார்கள். பிறகு துளையைச் சுற்றியிருந்த கல்லை, இன்னும் அகலமான துளைக்கருவியால் உருளை உருளையாக அறுத்து எடுத்தார்கள். அதைத் துண்டு போட்டு, துளையின் ஓரத்திலிருந்து எந்தத் துண்டில் எது எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். டிரிட்டியம் கல்லுக்குள் சுமார் 20 சென்டிமீட்டர் போயிருந்தது. சோடியம் சுமார் 10 சென்டிமீட்டர். சீசியமோ சுமார் 1 சென்டிமீட்டர்தான்.

ஒரே கல், ஒரே தண்ணீர், ஒரே கால அளவு. அப்படியும் ஒன்று இருபது மடங்கு தூரம் போயிருக்கிறது, இன்னொன்று வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டது. இதற்கான காரணம் தெரிந்தால், அணுக்கழிவை எங்கே வைக்கலாம் என்ற பெரிய கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அணுவுலையில் மின்சாரம் எடுத்த பிறகு மிஞ்சும் எரிபொருளில் பல வகைக் கதிரியக்க அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே வேறு அணுவாக மாறிக்கொண்டிருக்கும். இருப்பதில் பாதி மாறி முடிய ஆகும் நேரம்தான் அரை ஆயுட்காலம். சீசியம்-137க்கு அது 30 ஆண்டு. புளூட்டோனியம்-239க்கு சுமார் 24,000 ஆண்டு. அயோடின்-129க்கு 1 கோடியே 57 லட்சம் ஆண்டு! எந்தக் கட்டடமும், எந்தப் பூட்டும், எந்தக் காவலாளியும் இவ்வளவு காலம் தாங்க முடியாது. பாறை தாங்கும். ஃபின்லாந்தில் ஓல்கிலுவோட்டோ என்ற தீவுக்கு அடியில் இருக்கும் பாறை உருவாகி 180 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அங்கேதான் சுமார் 430 மீட்டர் ஆழத்தில் 'ஓன்கலோ' என்ற கிடங்கைக் கட்டியிருக்கிறார்கள். 2004இல் தோண்டத் தொடங்கினார்கள். பயன்படுத்தி முடித்த எரிபொருளை வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் வைத்து, அதற்கு மேல் 5 சென்டிமீட்டர் தடிமனில் செம்பு உறை போட்டு, சுற்றிலும் பென்டோனைட் என்ற களிமண்ணை அடைத்துவிடுவது அவர்கள் திட்டம். பென்டோனைட் தண்ணீர் பட்டால் உப்பி எல்லா இடுக்கையும் மூடிக்கொள்ளும்.

இத்தனை காவல் இருந்தாலும் அறிவியலாளர்கள் ஒரு கேள்வியை விடவில்லை. ஆயிரமாயிரம் ஆண்டு கழித்து ஒரு செம்பு உறை ஓட்டையாகிவிட்டால்? தண்ணீர் உள்ளே போய், சிலவற்றைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்தால்? அந்தக் கரைசல் 430 மீட்டர் பாறையைத் தாண்டி, குடிக்கும் தண்ணீரில் வந்து கலக்க எவ்வளவு காலம் ஆகும்? கெட்டது நடக்காது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், நடந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறார்களே, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

கருங்கல்லுக்குள் தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்கிறீர்களா? சேலம், தருமபுரி பக்கம் போர்வெல் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. நூற்றுக்கணக்கான அடிக்கு வெறும் பாறைத்தூள்தான் வரும். திடீரென்று ஓர் இடத்தில் தண்ணீர் பீறிடும். துளை அங்கே ஒரு விரிசலைத் தொட்டிருக்கிறது என்று பொருள். கெட்டிப் பாறையில் தண்ணீர் ஓடுவது பெரும்பாலும் விரிசல் வழியாகத்தான்.

விரிசலுக்கும் விரிசலுக்கும் நடுவே இருக்கும் கல்? அதிலும் தண்ணீர் உண்டு, ஆனால் ஓடாது. கருங்கல் என்பது குவார்ட்ஸ், பெல்ஸ்பார், காக்காப்பொன் எனப்படும் மைக்கா போன்ற மணிகள் நெருக்கி அடுக்கியது. மணிகளின் ஓரங்களிலும், மைக்காவின் ஏடுகளுக்கு நடுவிலும் கண்ணுக்கே தெரியாத இடுக்குகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டினாலும் கல்லின் கன அளவில் 1 சதவீதம்கூடத் தேறாது. அப்படியும், இரண்டரை டன்னுக்கு மேல் எடை வரும் ஒரு கன மீட்டர் கல்லில் சில லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கும்.

இந்த இடுக்குகளைப் படம் பிடிக்க ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் ஓர் அருமையான வழி கண்டுபிடித்தார்கள். கல் துண்டை நன்றாக உலர்த்தி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். பிறகு அக்ரிலிக் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் திரவத்தில் அதை ஊறவைக்கிறார்கள். அந்தத் திரவத்தில் கதிரியக்கக் கார்பன்-14 கலந்திருக்கும். திரவம் இடுக்குகளில் எல்லாம் புகுந்ததும் அதைக் கெட்டியாக்கி, கல்லை அறுத்து, அறுத்த முகத்தைப் புகைப்படப் பிலிம் மேல் வைத்துவிடுகிறார்கள். எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் பிலிம் கறுத்துப்போகும். குவார்ட்ஸ் மணிகள் வெள்ளையாக நிற்கும். மணிகளின் ஓரங்களில் மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடும். மைக்கா இருக்கும் இடம் திட்டுத்திட்டாகக் கறுத்திருக்கும். கெட்டி என்று நாம் நினைத்த கல்லில் இத்தனை வழிகள் இருப்பதை அந்தப் படம் காட்டிவிடும்.

ஓடாத தண்ணீரில் கரைந்த பொருள் எப்படி நகரும்? யாரும் தள்ள வேண்டாம். தண்ணீரின் மூலக்கூறுகள் எப்போதும் ஆடிக்கொண்டும் மோதிக்கொண்டும்தான் இருக்கும். அந்த மோதலில் கரைந்த பொருளும் அங்கும் இங்கும் தள்ளப்பட்டு, அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குப் பரவும். இதற்கு விரவல் என்று பெயர். அடோல்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானியர் 1855இல் இதற்கான விதியை எழுதினார்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி, சைனா கிராஸ் எனும் கடற்பாசியைத் தண்ணீரில் காய்ச்சித் தரச் சொல்லுங்கள். சர்க்கரை, பால் எதுவும் வேண்டாம். உயரமான கண்ணாடித் தம்ளரில் முக்கால் அளவு ஊற்றி உறையவிடுங்கள். உறைந்த பிறகு, கேசரிக்குப் போடும் கலர்ப்பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அரை அங்குல உயரத்துக்கு மேலே ஊற்றி மூடிவையுங்கள். தம்ளரின் வெளிப்பக்கம் ஒரு காகிதப் பட்டையை ஒட்டிக்கொண்டு, தினமும் ஒரே நேரத்தில் நிறம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று கோடு போடுங்கள். முதல் நாள் கடகடவென்று இறங்கிய மாதிரி இருக்கும். அடுத்த நாள் அவ்வளவு இறங்காது. அதற்கடுத்த நாள் இன்னும் குறையும். நாலாம் நாள் முடிவில் அளந்தால், முதல் நாள் இறங்கியதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்திருக்கும். நான்கு மடங்கு நேரம், இரண்டு மடங்கு தூரம்!

விரவலின் ரகசியமே இந்தக் கணக்குதான். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. அசையாத தண்ணீரில் ஒரு சிறிய மூலக்கூறு 1 சென்டிமீட்டர் பரவ ஏறத்தாழ அரை நாள் ஆகும். 1 மீட்டர் என்பது நூறு மடங்கு தூரம். அப்படியானால் நேரம் பத்தாயிரம் மடங்கு, அதாவது 5,000 நாள். கிட்டத்தட்ட 14 ஆண்டு!

கிரிம்செல் முடிவுகளை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். டிரிட்டியம் 2 ஆண்டில் 20 சென்டிமீட்டர் போனது. 2 மீட்டர் போக 200 ஆண்டு வேண்டும். 20 மீட்டர் போக 20,000 ஆண்டு. சீசியம் 2 ஆண்டில் 1 சென்டிமீட்டர் போனது. 300 ஆண்டு விட்டால்கூட சுமார் 12 சென்டிமீட்டர்தான் போகும். அந்த 300 ஆண்டில் சீசியம்-137 பத்து முறை பாதியாகி, ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டிருக்கும். இது ஓட்டமே இல்லாத கல்லுக்கான கணக்கு என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஓட்டம் இருக்கும் விரிசலில் கதை வேறு. அங்கே தண்ணீர் தானே பொருளைத் தூக்கிக்கொண்டு போகும். தண்ணீர் ஓடும் வேகத்திலேயே பொருளும் ஓடும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் விடை பயமுறுத்தும். 1980இல் ஸ்வீடனைச் சேர்ந்த இவார்ஸ் நெரெட்னியெக்ஸ் என்ற வேதிப் பொறியாளர் ஓர் ஆய்வுக்கட்டுரையில் வேறொரு கேள்வியைக் கேட்டார். விரிசலின் இரு பக்கச் சுவரும் மூடிய சுவர் இல்லையே, அதில் கோடிக்கணக்கான இடுக்குகள் திறந்திருக்கின்றனவே, தண்ணீரோடு போகும் பொருள் அவற்றுக்குள் விரவாதா? தேர் ஓடும் வீதியில் போகும் கூட்டம் சந்து கண்ட இடமெல்லாம் ஒதுங்கினால், வீதியின் கடைசிக்கு வந்து சேர்பவர்கள் குறைவாகவும் தாமதமாகவும்தான் இருப்பார்கள். பாறையிலும் அப்படித்தான் நடக்கும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். விரிசலுக்குள் இருக்கும் தண்ணீர் மிகக் கொஞ்சம். இருபுறக் கல்லுக்குள் நிற்கும் தண்ணீரோ அதைவிட எத்தனையோ மடங்கு. அங்கே போனவை திரும்பி வருவதற்கும் அதே மெதுவான விரவலைத்தான் நம்ப வேண்டும். வழியிலேயே அரை ஆயுட்காலங்கள் பல கழிந்துவிடும்.

ஒரு கணக்கு காகிதத்தில் சரியாக வருவதும் பாறையில் சரியாக வருவதும் ஒன்றல்ல. அதனால்தான் கிரிம்செல்லில் துளை போட்டார்கள்.

இப்போது அந்த மூன்று பொருள்களுக்கு வருவோம். டிரிட்டியம் என்பது ஹைட்ரஜன்தான், கொஞ்சம் கனமானது. அது ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகவே இருக்கும். தண்ணீர் எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் தடையின்றிப் போகும். கல்லின் இடுக்குகள் எவ்வளவு வளைந்து நெளிந்து இருக்கின்றன என்பதை அதன் 20 சென்டிமீட்டர் சொல்லிவிடுகிறது.

சோடியமும் சீசியமும் தண்ணீரில் கரைந்தால் நேர்மின்னூட்டம் கொண்ட அயனிகளாகும். மைக்கா, களிமண் போன்ற தாதுக்களின் பரப்பிலோ எதிர்மின்னூட்டம் இருக்கும். ஒன்றையொன்று இழுக்கும். சோடியம் போகிற வழியில் கொஞ்சம் ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். அதனால் அதன் பயணம் பாதியாகிறது. சீசியத்துக்கு நேர்வது இன்னும் சுவையானது. காக்காப்பொன்னை நகத்தால் உரித்தால் ஏடு ஏடாக வரும், பார்த்திருப்பீர்கள். ஏடுகளுக்கு நடுவே பொட்டாசியம் அயனிகள் உட்கார்ந்து, மேல் ஏட்டையும் கீழ் ஏட்டையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கல் முதிர்ந்து ஏடுகளின் விளிம்பு லேசாகப் பிரியும் இடங்களில், அந்தப் பொட்டாசியத்தின் இடத்துக்குச் சீசியம் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. சோடியம் தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை விடாமல் பிடித்துவைத்திருப்பதால் அந்த இடத்தில் நுழையத் திணறும். சீசியமோ தண்ணீரை எளிதில் உதறிவிட்டு நுழைந்துவிடும். வெறும் 1 சென்டிமீட்டரில் அது நின்றதற்குக் காரணம் இதுதான். நிரந்தரமாகச் சிறைப்பட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். சில அயனிகள் மெல்ல விடுபட்டு, அடுத்த இடம் தேடிப் போகும். ஆனால் அந்த நகர்வு மிகமிக மெது.

சோதனைச்சாலைக்குக் கல்லைக் கொண்டுவந்து இதையெல்லாம் அளக்கக்கூடாதா, மலைக்குள் ஏன் போக வேண்டும் என்று தோன்றலாம். 400 மீட்டர் பாறையின் கனம் அழுத்திக்கொண்டிருக்கும் கல்லை வெளியே எடுத்தால், அழுத்தம் போனதும் அது ஒரு துளி விரிந்துகொள்ளும். இடுக்குகளும் திறந்துகொள்ளும். அந்தக் கல்லில் அளந்தால் உண்மையைவிட வேகமான விடை வரும். கிரிம்செல்லிலேயே துளையை ஒட்டிய மெல்லிய படலத்தில், துளைக்கருவி பட்டதாலேயே பொருள்கள் எளிதாக ஊடுருவியதைக் கண்டார்கள். அளக்கப் போன கருவியே கல்லைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறது! அந்தப் படலத்தைத் தனியாகக் கணக்கில் எடுத்த பிறகுதான் எண்கள் ஒத்துப்போயின.

யுரேனியத்துக்கும் புளூட்டோனியத்துக்கும் பாதுகாப்பு வேறு வழியில் கிடைக்கிறது. ஆழத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்காது. மேலே இருந்து இறங்கும்போதே நுண்ணுயிர்களும் இரும்புள்ள தாதுக்களும் அதைத் தீர்த்துவிடும். ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் இவை கரைவதே அரிது. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் ஓக்லோ என்ற இடத்தில், சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் யுரேனியத் தாது தானாகவே அணுவுலையாக எரிந்திருக்கிறது. 1972இல் பிரெஞ்சு அறிவியலாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே உண்டான புளூட்டோனியம், தான் பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகராமலே அழிந்து முடிந்திருக்கிறது. அதே இடத்தில் சீசியமும் அயோடினும் பெரும்பாலும் தங்கவில்லை. உலை எரிந்தபோது அங்கே இருந்த கடும் சூட்டையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

கிரிம்செல் துளையில் நாலாவதாக இன்னொன்றும் கலந்திருந்தார்கள், அயோடின்-131. அதன் அரை ஆயுட்காலம் 8 நாள்தான். அதனால் 2 ஆண்டு கழித்து அறுத்த கல்லில் தேட எதுவும் மிச்சமில்லை.  அதன் உறவான அயோடின்-129 இருக்கிறதே, அதைத்தான் ஆராய்ச்சியாளர்கள் அதிகக் கவலையோடு பார்க்கிறார்கள். தண்ணீரில் அயோடின் எதிர்மின்னூட்டம் கொண்ட அயனி. தாதுப் பரப்பும் எதிர்மின்னூட்டம். மைக்காவும் களிமண்ணும் அதைப் பிடிக்காது, தள்ளிவிடும். அரை ஆயுட்காலம் ஒன்றரைக் கோடி ஆண்டு என்பதால் வழியில் அழியும் என்றும் காத்திருக்க முடியாது. இதை எப்படித் தாமதப்படுத்துவது?

தண்ணீரே ஓடாத பாறையைத் தேடுவது ஒரு வழி. சுவிட்சர்லாந்துக்காரர்கள் இத்தனை ஆண்டு கருங்கல்லை ஆராய்ந்துவிட்டு, கிடங்குக்கென 2022இல் முன்மொழிந்தது கருங்கல்லை அல்ல, களிமண் பாறையை. ஓப்பலினஸ் களிமண் என்று அதற்குப் பெயர். சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலின் அடியில் படிந்த சேறு அது. விரிசல் விழுந்தாலும் தண்ணீர் பட்டதும் உப்பி மூடிக்கொள்ளும். ஓட்டத்துக்கு வழியே இல்லை, விரவல் மட்டும்தான். 1 மீட்டர் பரவ ஒரு நூறு ஆண்டு என்று வைத்துக்கொண்டால்கூட, 40 மீட்டர் பரவ 1,600 மடங்கு ஆகும். ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆண்டு! அவ்வளவு காலத்தில் சொட்டுச் சொட்டாக வெளியேறும் அயோடின் எந்த நேரத்திலும் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

ஆனால் லட்சம் ஆண்டுக் கணக்கை யார் உட்கார்ந்து சரிபார்ப்பது? இயற்கையே ஒரு சோதனை செய்துவைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியில், மோன் டெர்ரி என்ற இடத்தில், இதே களிமண்ணுக்குள் 1996 முதல் ஓர் ஆய்வுக்கூடம் இயங்குகிறது. கடலடியில் படிந்த சேறு ஆகையால் அதன் இடுக்குகளில் இன்றும் உப்பு நீர் இருக்கிறது. மேலேயும் கீழேயும் இருக்கும் பாறை அடுக்குகளிலோ மழைநீர் புகுந்து உப்பைக் கழுவிவிட்டது. களிமண் அடுக்கின் குறுக்கே இடம் இடமாக மாதிரி எடுத்து, குளோரைடு எவ்வளவு என்று அளந்தார்கள். உள்ளே அதிகம். இரு ஓரங்களை நோக்கிப் போகப் போகச் சீராகக் குறைகிறது. வரைபடத்தில் அது ஒரு வளைவாக வந்தது. பல லட்சம் ஆண்டுகளாக விரவல் மட்டுமே நடந்திருந்தால் எந்த வளைவு வர வேண்டுமோ, அதே வளைவு. தண்ணீர் ஊடே ஓடியிருந்தால் வளைவின் வடிவம் வேறாக இருந்திருக்கும். குளோரைடும் அயோடினைப் போல எதிர்மின்னூட்டம் கொண்ட அயனி. களிமண் அதையும் பிடித்துவைப்பதில்லை. அப்படிப்பட்ட ஒன்றே இத்தனை காலம் கழித்தும் அடுக்குக்குள் இன்னும் மிஞ்சியிருக்கிறது.